சொக்கருக்கே நோட்டீஸ் தராத ஊர்

மதுரையில் நடந்த முதல் தொழில் தகராறில் தொழிலாளியின் பெயர் சொக்கநாதர். பரஞ்சோதி முனிவர் அதைத் திருவிளையாடல் என்று எழுதிவைத்துவிட்டுப் போய்விட்டார். தொழிலாளர் துறை ஆய்வாளர் யாராவது எழுதியிருந்தால் கதை வேறு மாதிரி இருந்திருக்கும்.

விவகாரம் கொள்முதல் பிரிவில்தான் தொடங்கியது. அரிமர்த்தன பாண்டியனிடம் திருவாதவூர்க்காரர் ஒருவர் அமைச்சராக இருந்தார். குதிரை வாங்கிவரச் சொல்லிக் கருவூலப் பணத்தைக் கொடுத்து அனுப்பினால், மனுஷன் திருப்பெருந்துறையில் கோயில் கட்டிவிட்டார். தணிக்கைக்காரர்கள் இதை ‘ஒதுக்கிய தலைப்புக்கு மாறான செலவு’ என்பார்கள். பிறகு குதிரை வந்தது. வந்ததெல்லாம் நரி. ராத்திரியோடு ராத்திரியாகச் சுயரூபம் காட்டி, லாயத்தில் கிடந்த பழைய குதிரைகளையும் கடித்துப்போட்டுவிட்டு ஓடிவிட்டன. அமைச்சரை வைகை மணலில் உச்சி வெயிலில் நிறுத்தி சஸ்பெண்ட் செய்தார்கள். ஆற்றில் வெள்ளம் வந்தது.

கரையை அடைக்க வேண்டியது அரசாங்கம். அது வழக்கம்போல் வேலையை ஜனங்கள் தலையில் கட்டியது: வீட்டுக்கு ஓர் ஆள், ஆளுக்கு ஒரு பங்கு கரை. பிட்டு விற்றுப் பிழைக்கிற வந்திக் கிழவிக்கு அனுப்ப ஆள் கிடையாது. அவள் தன் பங்கை அவுட்சோர்ஸ் செய்தாள். வேலைக்கு வந்தவருக்குக் கூலி, உதிர்ந்த பிட்டு மட்டும். அன்றைக்குப் பார்த்து அவித்ததெல்லாம் உதிர்ந்தது. ஆள் முதலில் சாப்பிட்டார். அப்புறம் பாடினார், ஆடினார், கூடையைத் தலைக்கு வைத்துக்கொண்டு தூங்கினார். மேற்பார்வையாளர்கள் புகார் சொன்னார்கள். பாண்டியன் நேரில் வந்து பிரம்பை ஓங்கினான். குற்றப்பத்திரிகை இல்லை, உள்விசாரணை இல்லை, ‘ஏனப்பா தூங்கினாய்’ என்றுகூட ஒரு வார்த்தை இல்லை. அடி விழுந்தது. விழுந்த அடி ராஜா முதுகிலும் ராணி முதுகிலும் ஊரார் முதுகிலும், வயிற்றுப் பிள்ளை முதுகிலும்கூட உறைத்தது. அடி வாங்கியவர் ஒரு கூடை மண்ணைக் கொட்டினார். கரை அடைபட்டது, ஆள் மறைந்தார். கணக்கு முடித்துக் கொடுக்க யாருக்கும் நேரமில்லை.

ஆவணி மூலம் வந்தால் சுவாமியும் அம்மனும் புட்டுத்தோப்புக்கு எழுந்தருளுவார்கள். ஊரே திரண்டு நின்று இந்தச் சட்டவிரோதத் தண்டனையை ரசிக்கும், புட்டும் சாப்பிடும். ஆனால் இவர் யாருடைய ஆள் என்று இத்தனை நூற்றாண்டில் ஒருவரும் கேட்கவில்லை. கூலி கொடுத்தவள் வந்தி. வேலை பாண்டியனுடையது. அடித்தவனும் அவனே. சொக்கர் தொழிலாளர் நீதிமன்றத்துக்குப் போயிருந்தால் அரண்மனை வக்கீல் எழுந்து, ‘கனம் நீதிபதி அவர்களே, மனுதாரர் எங்கள் தொழிலாளியே அல்ல’ என்றிருப்பார். இந்த வக்கீலைக் கவனித்து வைத்துக்கொள்ளுங்கள். மதுரையில் வேலை போன கதை எதைச் சொன்னாலும் இவர் கறுப்புக் கோட்டோடு உள்ளே வருவார்.

அடுத்து 1892க்குத் தாவிவிடலாம். நடுவில் நாயக்கர்கள் மகால் கட்டினார்கள், கம்பெனிக்காரன் வந்தான். அதையெல்லாம் சுற்றுலாத் துறை பார்த்துக்கொள்ளும். ஆண்ட்ரூ, ஃபிராங்க் என்ற ஹார்வி சகோதரர்கள் பாபநாசத்திலும் தூத்துக்குடியிலும் பஞ்சாலை வைத்துவிட்டு, அந்த வருடம் மதுரை ரயில் நிலையத்துக்குப் பக்கத்தில் மதுரா மில்லைத் தொடங்கினார்கள். வெயிலைப் பார்த்து நேரம் சொன்ன ஊருக்கு, மில் சங்கு நேரம் சொல்ல ஆரம்பித்தது. கம்பு விதைத்தவன், கண்மாயை நம்பியிருந்தவன், தரிசைப் பார்த்து உட்கார்ந்திருந்தவன் எல்லாம் சங்குக்கு எழுந்து வந்தான். மில்காரர்களுக்கென்று திருப்பரங்குன்றம் பக்கம் எழுந்த குடியிருப்புக்கு ஹார்விபட்டி என்றே பெயர். துரை ஸ்காட்லாந்துக்காரர். பட்டி நம்முடையது.

கூட்டம் சேர்ந்தால் சங்கம் சேரும். ஜார்ஜ் ஜோசப் என்ற பாரிஸ்டர், சட்டையில் ரோஜா குத்திக்கொண்டு திரிந்ததால் ஊர்க்காரர்கள் ‘ரோசாப்பூ துரை’ என்று கூப்பிட்ட மனிதர், 1918 வாக்கில் மில் தொழிலாளர்களைச் சங்கமாகத் திரட்டினார். கூலி கூடியது, வேலை நேரம் குறைந்தது. இப்படியே போனால் நன்றாக இருக்காது என்று மில்லுக்கும் சர்க்காருக்கும் ஒரே நேரத்தில் தோன்றியது. இரண்டு பேருமாகச் சேர்ந்து சங்கத்தை மூடவைத்தார்கள். மில்லை மூடுவதற்கு முன்னால் சங்கத்தை மூடுவது அப்போதிருந்தே உள்ள ஒழுங்கு. பிற்பாடு பி.ராமமூர்த்தி, சங்கரய்யா போன்ற கம்யூனிஸ்டுகள் கிளம்பியபோது அவர்கள்மேல் மதுரைச் சதி வழக்கைப் போட்டு உள்ளே வைத்தார்கள். நாடு விடுதலையாவதற்கு ஒரு நாள் முன்புதான் அவர்களுக்கு விடுதலை.

அதே 1947இல்தான் தொழில் தகராறு சட்டமும் வந்தது. வெள்ளைக்காரன் மூட்டை கட்டுகிற அவசரத்திலும் அதை அமலுக்குக் கொண்டுவரத் தேர்ந்தெடுத்த தேதி ஏப்ரல் 1. தற்செயல்தான், நம்புங்கள். 1953இல் அதில் ஆட்குறைப்புக்கு ஒரு கணக்கைச் சேர்த்தார்கள். ஒரு மாத நோட்டீஸ் அல்லது ஒரு மாதச் சம்பளம். வேலை பார்த்த ஒவ்வொரு முழு வருடத்துக்கும் 15 நாள் சராசரிச் சம்பளம். கடைசியாக வந்தவன் முதலில் போக வேண்டும். பந்தியில் கடைசியாக உட்கார்ந்தவனை முதலில் எழுப்புகிற மாதிரி இருக்கிறதே என்றால், ஆமாம், அதுதான் சட்டம்.

1976இல், அவசரநிலைக் காலத்தில், இன்னொரு அத்தியாயம் சேர்ந்தது. 300 தொழிலாளர்களாவது உள்ள இடத்தில் ஆட்குறைப்பு செய்யவோ, கதவைச் சாத்தவோ அரசாங்கத்தின் முன் அனுமதி வேண்டும். எதிர்த்துப் பேசினால் ஜெயில் என்றிருந்த காலத்தில், வேலையைவிட்டு அனுப்புவதற்கு மட்டும் கேட்டுத்தான் செய்ய வேண்டும் என்றார்கள். சரித்திரத்துக்கு நகைச்சுவை உணர்ச்சி உண்டு. 1984இல் அந்த 300, 100 ஆக இறங்கியது.

முதலாளிகளுக்குப் பொறுக்கவில்லை. என் மில், என் தறி, என் நஷ்டம், என் ஆளை நான் அனுப்ப எவன் அனுமதி எனக்கு? இந்தக் கேள்வி உச்ச நீதிமன்றத்தின் அரசியல் சாசன அமர்வு வரைக்கும் போனது. கொண்டுபோன வழக்கின் பெயர் ‘மீனாட்சி மில்ஸ் தொழிலாளர்கள் எதிர் மீனாட்சி மில்ஸ்’. கருமுத்து தியாகராசச் செட்டியார் தொடங்கிய அதே மதுரைக் கம்பெனிதான். அனுமதி கேட்கச் சொல்லும் 25-என் பிரிவு செல்லாது என்பது சென்னை உயர் நீதிமன்றத்தின் கட்சி. 1992இல் உச்ச நீதிமன்றம் அதைப் புரட்டிப் போட்டது: செல்லும், நூற்றுக்கணக்கான குடும்பங்களின் சோற்றில் கை வைக்கும்முன் கேட்டுவிட்டுச் செய்வதில் தப்பில்லை. வாதிகளின் பெயரிலும் மீனாட்சி, பிரதிவாதியின் பெயரிலும் மீனாட்சி. இந்த ஊரில் யார் ஜெயித்தாலும் அம்மன் ஜெயித்த கணக்குதான். இந்தியாவில் தொழிலாளர் சட்டம் படிக்கிற எந்தப் பிள்ளையும் இன்றைக்கும் இந்த வழக்கை உருப்போடாமல் பரீட்சைக்குப் போக முடியாது. மதுரைக்கு மல்லி உண்டு, ஜிகர்தண்டா உண்டு, 25-என் பிரிவும் உண்டு. மூன்றாவதுக்கு மட்டும் யாரும் போர்டு வைக்கவில்லை.

தீர்ப்பு நூல் விற்றுக் கொடுக்காது என்பதையும் சொல்லிவிட வேண்டும். மதுரையைச் சுற்றியிருந்த பஞ்சாலைகள் பல, அனுமதி கேட்டும் கேட்காமலும், கரண்ட் பில் கட்டியும் கட்டாமலும், ஒவ்வொன்றாகப் படுத்தன. பூட்டிய கேட்டுக்கு வெளியே பந்தல் போட்டு உட்கார்ந்தவர்கள் வயதாகி எழுந்து போனார்கள். ஆனாலும் ‘நீ தொழிலாளியே இல்லை’ என்று அவர்களிடம் எந்த வக்கீலும் சொல்லிவிட முடியவில்லை. தலைமுடியில் பஞ்சு ஒட்டியிருந்தது.

மில்லுக்குப் பிறகு மதுரையில் வேலை வந்ததும் போனதுமான கால் சென்டருக்கு வருவோம். முதலில் வந்த கால் சென்டருக்கு டெலிபோன் எக்ஸ்சேஞ்ச் என்று பேர். ‘நம்பர் ப்ளீஸ்’ என்று கேட்டு ஒயரைச் செருகுகிற வேலை. மெட்ராசுக்கு டிரங்க் கால் புக் பண்ணிவிட்டு, சாப்பிட்டு, தூங்கி எழுந்து, ‘லைன் கிடைச்சுதாம்மா’ என்று கேட்டால் ஆபரேட்டர் அம்மா சொல்கிற பதிலை நம்பித்தான் கல்யாணமும் கருமாதியும் நடந்தன. அந்த வேலைக்கு உலை வைத்தவர் அமெரிக்காவின் கான்சஸ் சிட்டியில் சவ அடக்கத் தொழில் செய்துவந்த ஆல்மன் ஸ்ட்ரோஜர். எக்ஸ்சேஞ்சில் இருந்த அம்மாள் போட்டிக் கடைக்காரரின் மனைவி என்றும், சாவு விழுந்து வருகிற போனையெல்லாம் அவள் புருஷனுக்கே திருப்பிவிட்டாள் என்றும், அந்த ஆத்திரத்தில் மனுஷர் ஆபரேட்டரே தேவைப்படாத கருவியைக் கண்டுபிடித்தார் என்றும் சொல்வார்கள். 1891இல் காப்புரிமை வாங்கினார். தொழில்நுட்பத்தால் வேலை போகிறது என்று கட்டுரை எழுதுகிறவர்கள் யாரும் அதற்குப் பின்னால் ஒரு வெட்டியான் இருந்ததை எழுதுவதில்லை.

இந்தியாவில் 1960இல் கான்பூருக்கும் லக்னோவுக்கும் நடுவே முதல் எஸ்.டி.டி. ஓடியது. டிரங்க் கால் மெதுவாகச் செத்தது. மஞ்சள் போர்டு பூத் வந்தது, செல்போன் வந்து பூத்தையும் முழுங்கியது. 2013 ஜூலையில் தந்தியையும் நிறுத்தினார்கள். அதற்காக யாரையும் வீட்டுக்கு அனுப்பவில்லை, வேறு மேஜைக்கு மாற்றினார்கள். சர்க்கார் வேலைக்குப் பெண் கொடுத்த மாமனார்கள் நெஞ்சில் கைவைத்துக்கொண்டார்கள். 2020 ஜனவரி 31 அன்று, விருப்ப ஓய்வுத் திட்டத்தில் பி.எஸ்.என்.எல்.லில் மட்டும் 78,000க்கு மேற்பட்டவர்கள் ஒரே நாளில் மாலையும் கையுமாக வெளியே வந்தார்கள். அவர்களுக்காவது ஒரு தொகை கிடைத்தது. அதே அலுவலகங்களில் கேபிள் இழுத்த, கதவு காத்த ஒப்பந்தத் தொழிலாளிகள் அதற்கு முந்தைய வருடம் மாதக்கணக்கில் சம்பளம் பார்க்கவில்லை. கேட்டால் ‘காண்டிராக்டரைக் கேளுங்கள்’. வந்திக் கிழவியைக் கேளுங்கள் என்றுதான் அர்த்தம்.

அதற்குப் பல வருடங்கள் முன்பே கடல் தாண்டி இன்னொரு கூத்து நடந்திருந்தது. இங்கிலாந்தில் லாயிட்ஸ் டி.எஸ்.பி. வங்கி நியூகாசில் நகரத்துக் கால் சென்டரை மூடுவதாக 2003இல் அறிவித்தது. வேலை இந்தியாவுக்குப் போகிறது என்றார்கள். அதே வருடம் பி.டி. டெலிபோன் கம்பெனி பெங்களூருக்கும் டெல்லிக்கும் கால் சென்டரை அனுப்ப, அந்த ஊர்த் தொழிற்சங்கம் காற்றடைத்த இளஞ்சிவப்பு யானை ஒன்றை ஊர் ஊராக இழுத்துக்கொண்டு போய் எதிர்ப்புத் தெரிவித்தது. யானையை அனுப்பினால் என்ன ஆகும் என்று மதுரைக்காரனைக் கேட்டிருந்தால் சொல்லியிருப்பான். பழங்கதையில் நம்மேல் ஏவிய யானை ஒத்தக்கடைப் பக்கம் மலையாகப் படுத்துக் கிடக்கிறது. நரசிங்கத்துக்குப் போகிறவர்கள் பார்க்கலாம்.

வெள்ளைக்காரன் வீட்டில் போன வேலை நம் வீட்டில் வந்த வேலையானது. சரவணன் ‘சாம்’ ஆனான். செல்லூரில் ராத்திரிச் சோறு தின்றுவிட்டு லிவர்பூல் பாட்டிக்குக் கிரெடிட் கார்டு பாக்கியைச் சொல்லிக் கொடுத்தான். இலந்தைக்குளத்திலும் வடபழஞ்சியிலும் எல்காட் ஐ.டி. பூங்கா போட்டது. பாண்டி கோயிலுக்குக் கிடா வெட்டப் போகிற வேனும், நைட் ஷிப்டுக்குப் பிள்ளைகளை ஏற்றிவருகிற கேபும் ரிங் ரோட்டில் ஒன்றையொன்று முந்தின. ஒருவன் வீட்டு இழவில் வந்த வேலை நிலைக்குமா என்று யாரும் கேட்கவில்லை. சம்பளம் ஒன்றாம் தேதி அக்கவுண்டில் விழுந்ததே. 2011இல் சான்டாண்டர் வங்கி தன் கால் சென்டர்களை இந்தியாவிலிருந்து இங்கிலாந்துக்கே திருப்பி எடுத்துக்கொண்டது. யானை இல்லை, பந்தல் இல்லை. வாடிக்கையாளர்கள் முணுமுணுத்தார்கள், வங்கி முடிவெடுத்தது, அம்புட்டுத்தான்.

இங்கே ஒரு தாத்தாவையும் பேரனையும் கற்பனை செய்துகொள்வோம். தாத்தா மில்லில் முப்பது வருடம் இருந்தவர், சங்கத்தில் சந்தா கட்டியவர். பேரன் கால் சென்டரில் நாலு வருடம். இரண்டு மாதத்தில் மூடுகிறோம் என்று அன்றைக்கு மெயில் வந்திருக்கிறது.

“எத்தனை பேரடா அனுப்புறாய்ங்க?”

“முந்நூத்தி நாப்பது பேரு தாத்தா.”

“கவர்மெண்டுல அனுமதி வாங்கிட்டாய்ங்களா?”

“எதுக்கு?”

“எதுக்கா? நூறு பேருக்கு மேல இருந்தா கேட்டுத்தான்டா மூடணும். சட்டம் இருக்கு. அனுப்புறதுக்கே கேக்கணும்னு நம்ம மீனாட்சி மில்லு கேசுல சுப்ரீம் கோர்ட்டே சொல்லிருக்கு.”

“அது ஃபேக்டரிக்குத் தாத்தா. இது ஃபேக்டரி இல்லையாம்.”

“ஷிப்டு இருக்கா?”

“இருக்கு.”

“சூப்பர்வைசர் இருக்கானா?”

“டீம் லீடுன்னு இருக்கான்.”

“ஒண்ணுக்குப் போக அனுமதி கேக்கணுமா?”

“பிரேக் போடணும். ஏழு நிமிஷத்துக்கு மேல போனா கேப்பாய்ங்க.”

“அப்புறம் என்னடா, ஃபேக்டரிதான!”

தாத்தா சொன்னதில் நியாயம் இருக்கிறது, சட்டம் இல்லை. முன் அனுமதி கேட்கச் சொல்லும் அந்த அத்தியாயம் மூன்றே இடங்களுக்குத்தான் பொருந்தும்: தொழிற்சாலை, சுரங்கம், தோட்டம். கால் சென்டரில் கரி தோண்டுவதில்லை, தேயிலை கிள்ளுவதில்லை. தொழிற்சாலை என்று சாதிக்கலாமா என்றால், பேரன் பிறப்பதற்கு முன்பே, 1987இல், தொழிற்சாலைகள் சட்டத்தில் ஒரு விளக்கத்தைச் செருகிவிட்டார்கள். உற்பத்தி எதுவும் நடக்காத இடத்தில் கம்ப்யூட்டரைக் கொண்டுவந்து வைத்துவிட்டதால் மட்டும் அது தொழிற்சாலை ஆகிவிடாது. அரசாங்கம் முன்யோசனை இல்லாதது என்று இனி யாரும் சொல்லக் கூடாது.

பேரனுக்கு ஒன்றுமே இல்லை என்று அர்த்தமில்லை. 1978இல் பெங்களூர் குடிநீர் வாரிய வழக்கில் நீதிபதி கிருஷ்ணய்யர் உள்ளிட்ட அமர்வு ‘தொழில்’ என்பதை அகலமாக விரித்துவிட்டதால், கால் சென்டரும் தொழில்தான். 50 தொழிலாளர்களாவது இருந்தால், மூடுவதற்கு 60 நாள் முன்பு அரசாங்கத்துக்கு நோட்டீஸ் கொடுக்க வேண்டும். அனுமதி வேண்டாம், தகவல் சொன்னால் போதும். வருடத்துக்கு 15 நாள் சம்பளக் கணக்கில் இழப்பீடு உண்டு. ஆனால் இதெல்லாம் தொழிலாளிக்கு. இந்த இடத்தில் நம் கறுப்புக் கோட்டு வக்கீல் தொண்டையைச் செருமுகிறார்.

பேரனின் ஐ.டி. கார்டில் என்ன போட்டிருக்கிறது? ‘கஸ்டமர் கேர் எக்ஸிக்யூட்டிவ்’. நாலு வருடம் கழித்து, சம்பளத்தை ஆயிரம் ரூபாய் ஏற்றி, ‘அசிஸ்டெண்ட் மேனேஜர்’ ஆக்கியிருப்பார்கள். அவனுக்குக் கீழே அவனுடைய நாற்காலியைத் தவிர ஒன்றும் இல்லை. அந்தப் பட்டத்தை வீட்டில் சொல்லி அம்மா மீனாட்சிக்கு அர்ச்சனை செய்திருப்பாள். கோர்ட்டில் அதே பட்டத்தை எடுத்துக் காட்டி, ‘இவர் நிர்வாகி, தொழிலாளி அல்ல’ என்பார் வக்கீல். பாண்டியன் காலத்தில் இந்த வித்தை தெரிந்திருந்தால் சொக்கரைக் ‘கரை மேலாண்மை எக்ஸிக்யூட்டிவ்’ ஆக்கியிருப்பார்கள். வந்தியும் பிட்டை மிச்சப்படுத்தியிருப்பாள்.

அந்த வக்கீல் எப்போதும் ஜெயிப்பதில்லை. 2014 கடைசியில் டி.சி.எஸ். ஆட்களை அனுப்பத் தொடங்கியபோது சென்னையில் ஐ.டி. பிள்ளைகள் முதல்முறையாகத் தெருவுக்கு வந்தார்கள். 2015 ஜனவரியில், கர்ப்பிணி ஊழியர் ஒருவரின் வேலைநீக்கத்துக்குச் சென்னை உயர் நீதிமன்றம் தடை போட்டது. ஐ.டி. ஊழியர்களும் சங்கம் வைக்கலாம், தொழில் தகராறு சட்டம் அவர்களுக்கும் உண்டு என்று 2016இல் தமிழக அரசு தெளிவுபடுத்தியது. ரோசாப்பூ துரை கேட்டதற்கும் இதற்கும் நடுவில் கிட்டத்தட்ட நூறு வருடம். அந்த டி.சி.எஸ். ஆட்குறைப்பில் வெளியே அனுப்பப்பட்ட இன்னொரு ஊழியர் ஏழு வருடம் வழக்கு நடத்தினார். அவர் மேலாளர் அந்தஸ்தில் இருந்தவர் என்று கம்பெனி வாதாடியது. சென்னைத் தொழிலாளர் நீதிமன்றம் 2022இல் அதை ஒதுக்கிவிட்டு, நிலுவைச் சம்பளத்தோடு வேலைக்குத் திரும்ப எடுக்கச் சொன்னது. கார்டில் என்ன எழுதியிருக்கிறது என்பது முக்கியமில்லை, கை என்ன வேலை செய்தது என்பதைப் பார் என்பதுதான் நீதிமன்றங்கள் தொடர்ந்து சொல்லிவருவது.

அதனால் கம்பெனிகள் புத்திசாலித்தனமாகக் கோர்ட்டுக்கு வெளியிலேயே காரியத்தை முடிக்கப் பார்க்கின்றன. வெள்ளிக்கிழமை சாயங்காலம் மீட்டிங் ரூமுக்குக் கூப்பிடுவார்கள். தண்ணீர் பாட்டில் இருக்கும். எச்.ஆர். மேடம் கண்ணில் ஒரு சோகம் இருக்கும். ‘நீங்களே பேப்பர் போட்டுடுங்க சரவணன், ரிலீவிங் லெட்டர் நல்லபடியா தந்துடறோம். இல்லன்னா உங்க கேரியருக்குத்தான் பிரச்சினை.’ அந்த ஒரு மெயிலை அனுப்பிவிட்டால் ஆட்குறைப்பு கிடையாது, மூடலும் கிடையாது. நானாகப் போனேன் என்று அவனே எழுதிக் கொடுத்துவிட்டான். தாத்தாவின் முதலாளி கேட்டைப் பூட்டினார். பேரனின் முதலாளி பேரனையே பூட்டச் சொல்லிச் சாவியைக் கையில் கொடுக்கிறார்.

2025 நவம்பர் 21 முதல் 1947ஆம் வருடத்துச் சட்டம் போய், தொழில் உறவுகள் தொகுப்பு வந்திருக்கிறது. 300இல் பிறந்து 100க்கு இறங்கிய அனுமதி வரம்பு மறுபடி 300க்கே ஏறிவிட்டது. வருடத்துக்கு 15 நாள் கணக்கில் மாற்றமில்லை. ஆட்குறைப்பில் போகிற ஒவ்வொரு தொழிலாளிக்கும் இன்னொரு 15 நாள் சம்பளத்தை மறுதிறன் நிதியில் முதலாளி கட்ட வேண்டும் என்பது புதுசு. அனுமதி கேட்க வேண்டிய இடங்களின் பட்டியல் மட்டும் அப்படியே இருக்கிறது: தொழிற்சாலை, சுரங்கம், தோட்டம்.

ஆகவே இலந்தைக்குளத்துத் தம்பி, தங்கச்சிகளுக்கு: ஆஃபர் லெட்டர், சம்பளச் சீட்டு, அப்ரைசல் மெயில் எல்லாவற்றையும் இப்போதே உங்கள் சொந்தக் கணக்குக்கு எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்; லேப்டாப்பை வாங்கிய பிறகு முடியாது. தினமும் என்ன வேலை செய்கிறீர்கள் என்று ஒரு நோட்டில் எழுதிவாருங்கள், பட்டம் பொய் சொன்னாலும் நோட்டு சொல்லாது. நாலு வருடமும் 240 நாளும் முடிந்திருந்தால் கிராஜுவிட்டி கேளுங்கள், சென்னை உயர் நீதிமன்றமே அதை ஐந்து வருடமாக எடுத்துக்கொண்டிருக்கிறது. மீட்டிங் ரூமில் தண்ணீர் கொடுத்தால் குடியுங்கள். பேப்பர் மட்டும் போடாதீர்கள்.